ஃபவுண்டேஷன் போட பிரஷ் வாங்குவதா, ஸ்பாஞ்சு வாங்குவதா, கையே போதுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். முட்டை வடிவ ஸ்பாஞ்சு இரண்டு, முடி நெருக்கமாக இருந்து நுனி தட்டையாக வெட்டப்பட்ட பிரஷ் ஒன்று, இவ்வளவு வாங்கினால் போதும். ஆன்லைனில் 24 பிரஷ்ஷும் ஒரு பையும் சேர்த்து மலிவாக வருகிறதே, அந்த செட் வேண்டவே வேண்டாம். அதில் ஃபவுண்டேஷனுக்கு, அதாவது தோல் நிறத்தைச் சீராக்க முதலில் பூசுகிற பூச்சுக்கு, ஆகிற பிரஷ் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் நாலு தடவை கழுவியதும் முடி கொட்டி தங்கை கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வைகாசியில் குடியாத்தத்தில் தங்கைக்குக் கல்யாணம், பார்லரில் கேட்கிற தொகை கட்டுப்படியாகவில்லை, அதனால் நானே போட்டுவிடப் போகிறேன், இதுவரை பவுடர் பஃப் தவிர எதையும் தொட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், ஒன்பது வருடமாக ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று போய் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். தாராளமாக நீங்களே போடுங்கள். தங்கையின் முகத்தில் எங்கே வியர்க்கும், எங்கே காய்ந்து போகும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குக்கூடத் தெரியாது.

விஷயம் என்னவென்றால், பிரஷ், ஸ்பாஞ்சு, விரல் மூன்றுமே ஃபவுண்டேஷனைப் பரப்பத்தான் செய்யும், ஆனால் முகத்தில் எவ்வளவு தங்குகிறது என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். பிரஷ் எடுத்ததை அப்படியே தோல்மேல் வைக்கும். ஈர ஸ்பாஞ்சு வைத்ததில் மேலாக நிற்கிற மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதனால்தான் மெல்லிசாக அமர்கிறது. வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு இதுதான் முக்கியம். வைகாசி முதல் பாதி இன்னும் கத்திரி முடியாத நாள், மண்டபத்தில் ஏசி இருந்தாலும் மணமேடையில் ஹோமப் புகையும் வீடியோக்காரர் லைட்டும் சேர்ந்து அடுப்படி மாதிரி ஆகிவிடும், கனமாகப் பூசினது முதலில் மூக்கோரத்தில் பிரியும், அடுத்து சிரிக்கிற கோட்டில் வெடிக்கும், தாலி கட்டும் நேரத்தில் முகம் திட்டுத்திட்டாக நிற்கும். மெல்லிசாக இரண்டு தடவை போட்டது அப்படிப் பிரிவதில்லை.

ஸ்பாஞ்சை எப்போதும் நனைத்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீரில் விட்டு அமுக்கினால் உப்பிப் பெரிதாகும், பிறகு கையால் பிழிந்து, அதன்பின் ஒரு பருத்தித் துண்டில் சுற்றி இன்னொரு தடவை பிழியுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. உலர்ந்த ஸ்பாஞ்சு ஃபவுண்டேஷனை உறிஞ்சிக் குடித்துவிடும், நனைத்தால் அந்த ஓட்டைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் உள்ளே போவது குறையும். பிறகு தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள், பூரிக்கு மாவு தேய்க்கிற மாதிரி இழுத்தால் கோடு விழும். இது புதிதில்லை, 1930களின் கடைசியில் சினிமாவுக்காக மேக்ஸ் ஃபேக்டர் என்ற ஒப்பனை நிறுவனம் கொண்டுவந்த பேன்கேக் என்ற வில்லை ஃபவுண்டேஷனும் ஈர ஸ்பாஞ்சில்தான் போடப்பட்டது. முட்டை வடிவம் பின்னால் வந்தது. அமெரிக்க டிவியில் எச்டி கேமரா வந்தபோது முக்கோணத் துண்டு ஸ்பாஞ்சின் விளிம்புக் கோடுகள் திரையில் தெரிந்தனவாம், ரியா ஆன் சில்வா என்ற ஒப்பனைக் கலைஞர் அந்த மூலைகளை வெட்டியெடுத்துப் பயன்படுத்தி, அதிலிருந்து 2003-இல் பியூட்டி பிளெண்டர் என்று விளிம்பே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த அசல் ஆயிரத்துக்கு மேல் ஆகும், உங்களுக்கு அது தேவையில்லை. விரலால் அமுக்கினால் ரப்பர் மாதிரி விறைத்து நிற்காமல் பன் போல உள்ளே போய்த் திரும்ப எழும்புகிற எதுவும் போதும்.

எச்டி கேமராவைச் சொன்னதும் எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் ஆற்காட்டில் ஒரு ரிசப்ஷன், தட்டையான ஃபவுண்டேஷன் பிரஷ்ஷால் போட்டேன், நாக்கு வடிவத்தில் இருக்குமே, அது. கண்ணாடியில் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. ஆல்பம் வந்தபோது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் எல்லாவற்றிலும் கன்னத்தில் துடைப்பம் இழுத்த மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் அந்தப் படங்களை மாற்ற முடியாது என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அன்றிலிருந்து தட்டை பிரஷ்ஷை ஃபவுண்டேஷனை முகத்தில் வைக்க மட்டும் எடுக்கிறேன், பரப்ப எடுப்பதில்லை.

நான் வாங்கச் சொன்ன அடர்த்தி பிரஷ் வேறு ரகம். பருத் தழும்பு, மங்கு இருக்கிற இடத்தில் ஸ்பாஞ்சு போதாது, அங்கே இந்தப் பிரஷ்ஷால் கொஞ்சமாக வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றி, மேலே ஈர ஸ்பாஞ்சால் ஒற்றிவிட்டால் மூடினதும் தெரியாது, பிரஷ் தடமும் தெரியாது. வாங்கும்போது செயற்கை இழையா என்று கேட்டு வாங்குங்கள். ஆட்டு முடி பிரஷ் பவுடருக்கு மிக நல்லது, ஆனால் இயற்கை முடி திரவத்தைக் குடித்துக்கொண்டு உள்ளேயே நாற ஆரம்பிக்கும், வழவழப்பான செயற்கை இழையில் அந்தத் தொல்லை குறைவு, கழுவுவதும் சுலபம். பவுடர் ஃபவுண்டேஷனாக இருந்தால் ஈர ஸ்பாஞ்சு தொடவே கூடாது, திட்டாகப் பிடித்துக்கொள்ளும், அதற்கு உலர்ந்த பஃப்போ பிரஷ்ஷோதான். சிலிக்கான் ஸ்பாஞ்சு ஒன்றும் கிடைக்கிறது, எதையும் உறிஞ்சாது என்பது உண்மை, ஆனால் பரப்பவும் செய்யாது.

விரலைக் குறைவாக நினைக்காதீர்கள். செய்யாறு பக்கம் புரிசை மாதிரி ஊர்களில் தெருக்கூத்து ஆடுகிறவர்கள் வண்ணப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து விரலாலேயே முகம் எழுதுவார்கள், விடிய விடிய ஆடினாலும் அந்த முகம் நிற்கும். விரல் சூட்டில் கிரீம் இளகித் தோலோடு சேரும், அதனால் ஸ்டிக் ஃபவுண்டேஷனுக்கும் கண்ணடியில் கருவளையத்தை மறைக்கப் போடுகிற கன்சீலருக்கும் மோதிர விரல் மாதிரி வேறில்லை. முகம் முழுவதும் விரலால் போட்டால்தான் நெற்றியில் ஒரு கனம், தாடையில் ஒரு கனம் என்று ஆகிவிடும்.

இனி கழுவுகிற விஷயம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பிரஷ்ஷா ஸ்பாஞ்சா என்பதைவிட இதில்தான் முகம் கெடுகிறது. 2019-இல் இங்கிலாந்தில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டில் இருந்த ஒப்பனைப் பொருள்களைச் சோதித்தபோது, பியூட்டி பிளெண்டர்களில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை, 64 சதவீதம் தரையில் விழுந்தவை. ஈரமும் எண்ணெயும் சேர்ந்த பொருள், கிருமிக்கு வேறென்ன வேண்டும். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு வேறொரு இடத்தில் டிரையல் போட்டு மூன்றாம் நாள் தாடை முழுக்கச் சீழ்க் கட்டி, கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. வருகிற எல்லோருக்கும் ஒரே ஸ்பாஞ்சைத்தான் போடுகிறார்கள் என்று அவளே பார்த்திருக்கிறாள், கேட்கக் கூச்சம்.

நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. குளியல் சோப்பு போட்டால் நுரைக்காது, சோப்பும் தண்ணீரிலிருக்கிற சுண்ணாம்பும் சேர்ந்து வெள்ளையாகப் பிசின் மாதிரி ஸ்பாஞ்சுக்குள் தங்கிவிடும், கழுவக் கழுவ விறைத்துப் போகும். ஷாம்பூவோ பாத்திரம் கழுவும் லிக்விடோ கொஞ்சமாக விட்டு அமுக்கி, கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷைக் கழுவினால் தலைகீழாகவோ படுக்கவைத்தோ காயவிடுங்கள், நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் இறங்கிப் பசை விட்டுவிடும். ஈர ஸ்பாஞ்சை மூடி போட்ட டப்பாவில் வைக்கவே கூடாது, கறுப்புப் புள்ளி பூத்துவிடும். அப்படி ஒரு புள்ளி தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள், இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்குமேல் வேண்டாம்.

ஸ்பாஞ்சு இரண்டு என்று சொன்னதும் இதற்காகத்தான். முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன், விடியற்காலை முகூர்த்தம் என்றால் நடுவில் ஸ்பாஞ்சு காயவே காயாது. ஒன்று ராத்திரிக்கு, ஒன்று காலைக்கு.

ஏர்பிரஷ், அதாவது மெஷினால் ஃபவுண்டேஷனைத் தெளிக்கிற முறை, பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மெல்லிசாக, அழகாக விழும், ஆனால் மெஷின் வாங்கிப் பழக மாதக்கணக்கு ஆகும், தாரை வார்க்கும்போது பெண் அழுதால் கண்ணீர் இறங்கின கோட்டைச் சரிசெய்வதும் கஷ்டம். ஈர ஸ்பாஞ்சு என்றால் ஒரு ஒற்று போதும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நலங்கு மஞ்சள் இரண்டு மூன்று நாள் முகத்தில் நிற்கும், அதற்கு முன்னால் பார்த்த ஷேடு அன்றைக்கு ஒத்துப்போகாது. மஞ்சளை மறைக்கிறேன் என்று வெளிர் ஷேடை ஏற்றி ஏற்றிப் போடாதீர்கள், தங்கை மாநிறமோ கறுப்போ, கழுத்தும் முகமும் ஒரே பெண்ணுடையதாக இருக்கட்டும்.

வாங்கியதும் இந்த வாரமே ஒரு சோதனை செய்யுங்கள். தங்கைக்கு வலது கன்னத்தில் ஈர ஸ்பாஞ்சு, இடது கன்னத்தில் பிரஷ் மட்டும், ஒரே ஃபவுண்டேஷன். மத்தியானம் ஒரு மணி நேரம் அடுப்படியில் ஃபேன் இல்லாமல் நிற்கட்டும், அப்புறம் வாசல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் பாருங்கள். மூக்கோரத்தில் எந்தப் பக்கம் பிரிந்தது என்று இங்கேயே எழுதினால் பவுடர் எங்கே, எவ்வளவு வைக்கலாம் என்று சொல்கிறேன்.