இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகளை 18 வயதானதும் கைகழுவி விடுவார்களா?

அப்படி விட முடியாது, சட்டம் இருக்கிறது. கேட்டால் 25 வயதுவரை தனி ஆலோசகர் ஒருவரைத் தர வேண்டும். எங்கே தங்குவது, படிப்பா வேலையா, கையில் காசு எவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து எழுதுவதுதான் 'பாத்வே பிளான்'. வளர்ப்புக் குடும்பமும் சம்மதித்தால் 21 வரை அங்கேயே இருக்கலாம்.

தனி வீடு போகும்போது கட்டில், அடுப்பு, திரைச்சீலை வாங்க ஒரு தொகை உண்டு. 2,000 பவுண்டாக இருந்தது, 2023-இல் 3,000 ஆனது. பல்கலைக்கழகம் போனால் தனியாக 2,000.

குடியிருக்கும் வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் 'கவுன்சில் வரி'தான் வம்பு. ஸ்காட்லாந்தில் 26 வயது ஆகும்வரை நாடு முழுக்க விலக்கு. இங்கிலாந்திலோ அந்தந்த கவுன்சிலின் மனசு. கவுன்சில் எல்லை தாண்டி வீடு பார்த்தால் விதியே மாறலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் பராமரிப்பிலிருந்து வெளியே வருவோருக்கு என்னென்ன உதவி என்று சொல்லும் உங்கள் கவுன்சிலின் 'லோக்கல் ஆஃபர்' அறிவிப்பை ஒருதடவை படித்துவிடுங்கள்.