முப்பது வயது கடந்த மாஸ்டா எம்எக்ஸ்-5: வாங்குவதும் வீட்டிலேயே பழுது பார்ப்பதும்

கேள்வி: 1990இல் பதிவான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்கள் இரண்டைப் பார்த்திருக்கிறேன். ஒன்று 48,000 மைல் மட்டுமே ஓடியது. புதிய பெயின்ட் அடித்துப் பளபளப்பாக இருக்கிறது. மற்றது 1,10,000 மைல் ஓடியது, நிறம் மங்கியது, ஆனால் பழுது பார்த்த ரசீதுகள் எல்லாம் இருக்கின்றன. வீட்டு வாசலில் வைத்து நானே பராமரிக்க நினைக்கிறேன். எதை வாங்கலாம்? (வாசகர், ஹாரோ, லண்டன்)

பதில்: அடிப்பாகத்தில் துரு இல்லாததை வாங்குங்கள். மைல் கணக்கை இரண்டாவதாகப் பாருங்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் 1.6 லிட்டர் இயந்திரம் எளிமையானது. ஒழுங்காக எண்ணெய் மாற்றிவந்தால் ஒரு லட்சம் மைல் அதற்குப் பெரிய தூரமில்லை. அதில் தேய்கிற பெரும்பாலான பாகங்களைச் சாதாரண ஸ்பேனர்களைக் கொண்டே நீங்கள் மாற்றிவிடலாம். ஆனால் துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வது வீட்டு வாசலில் நடக்கிற வேலையல்ல. இருபுறமும் செய்ய நேர்ந்தால், மலிவாக வாங்கியதில் மிச்சமான பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.

துரு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே பார்ப்பது என்பதும் விளங்கும். துணிக்கூரையின் பின்விளிம்பில் வடியும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் கீழே இறங்கிப் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வெளியேற வேண்டும். இலைச்சருகும் மண்ணும் அந்தக் குழாய்களை அடைத்தால், நீர் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதிக்குள் தேங்கித் தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து அதே வேலையைச் செய்கிறது. ஆகவே இரண்டு கார்களிலும் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில்லின் கடைசிப் பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் அங்கே ஒட்டாவிட்டால், பெயின்டுக்கு அடியில் இருப்பது தகடல்ல, ஓட்டையை நிரப்பி மறைக்கும் ஃபில்லர் பசை. இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளத்தைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிறகு இரண்டு கார்களின் பதிவெண்ணையும் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் கொடுத்து எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிப் பரிசோதனை) வரலாற்றைப் படியுங்கள், அது இலவசம். ஒவ்வோர் ஆண்டின் மைல் கணக்கும், அரிப்பைப் பற்றிப் பரிசோதகர் எழுதிய குறிப்புகளும் அதில் இருக்கும். சென்ற ஆண்டு "சில் அரித்திருக்கிறது" என்று எழுதப்பட்ட காரில் இந்த ஆண்டு புதுப் பெயின்ட் இருந்து, வெல்டிங் ரசீது இல்லையென்றால், அந்தக் காரை விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்ன விவரங்களை மட்டும் வைத்துச் சொல்வதானால், என் மனம் ரசீதுகள் உள்ள மங்கிய காரின் பக்கமே சாய்கிறது.

கேள்வி: வாங்கிய காரில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியவில்லை. நானே மாற்றலாமா? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: மாற்றலாம். வால்வுகளைப் பிஸ்டன்களின் ஓட்டத்தோடு ஒத்து இயங்க வைக்கும் அந்தப் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பதிவு இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை இயந்திரத்தில் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதுவதில்லை என்பதால், வண்டி வழியில் நின்றுவிடுமே தவிர இயந்திரம் நொறுங்காது. பெல்ட்டின் உறைகளைக் கழற்றினால்தான் தண்ணீர் பம்பையும் மாற்ற முடியும். ஆகவே அதையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. 1991இன் நடுப்பகுதி வரை வந்த 1.6 கார்களில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனை குட்டையானது. முன்னால் உள்ள கப்பியில் நான்கு பிளவுகள் மட்டும் தெரிந்தால் உங்களுடையது அந்த வகை. அதன் நடு போல்ட்டை யாரோ ஒருவர் முன்பு சரியான அளவுக்கு முறுக்காமல் விட்டிருந்தால், தண்டில், கப்பியை அதனோடு பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம் மெல்லத் தேய்ந்து, கப்பி தள்ளாடத் தொடங்கி, இழுவை குறையும். அந்தத் தேய்மானம் பெரிதானால் கிராங்க் தண்டையே மாற்ற நேரிடும். அந்தப் போல்ட்டைத் தொடுவதானால் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவின்படி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். கைக்கணக்கு இங்கே கூடாது.

ரேடியேட்டரின் மேல்தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பிளக்கப்போகும் பிளாஸ்டிக்கின் அடையாளம். தண்ணீர் பம்பை மாற்ற எப்படியும் கூலன்ட்டை வடிப்பீர்கள் என்பதால் ரேடியேட்டரையும் சேர்த்து மாற்றிவிடலாம்.

கேள்வி: பின்பக்கப் பிரேக் பேட் மாற்றும்போது காலிப்பரின் பிஸ்டன் உள்ளே போக மறுக்கிறது. கிளாம்ப் வைத்து அழுத்தலாமா? (வாசகி, லெஸ்டர்)

பதில்: வேண்டாம். பிரேக் பேடுகளைத் தட்டின் மேல் அழுத்தும் அந்தக் காலிப்பருக்குள் ஹேண்ட்பிரேக்கின் சரிசெய் திருகு இருக்கிறது. பலமாக அழுத்தினால் அது கெட்டுவிடும். காலிப்பரின் பின்புறம் உள்ள மூடி போல்ட்டைக் கழற்றினால் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவி நுழையும் துளை தெரியும். இடப்புறமாகத் திருகினால் பிஸ்டன் உள்ளே போகும். புதிய பேடுகளை வைத்த பின் சக்கரம் இறுகும் வரை வலப்புறம் திருகி, பிறகு மூன்றில் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டியை ஆக்சில் ஸ்டாண்டுகள் எனும் தாங்குகால்களின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கைகூட நுழைக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வணிகரிடம் இந்தக் காரை வாங்கினேன். சில்லில் ஃபில்லருக்கு அடியில் ஓட்டை இருப்பதை மெக்கானிக் காட்டினார். "பழைய கார், பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார் வணிகர். (வாசகர், குரோய்டன்)

பதில்: வணிகர் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். காரின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தையே சட்டம் எதிர்பார்க்கிறது என்பதால், மேலோட்டமான துருவை வைத்து வழக்காட இயலாது. வாங்குமுன் உங்களுக்குச் சுட்டிக்காட்டிய குறையும் கணக்கில் வராது. ஆனால் ஃபில்லர் பூசி மறைத்த ஓட்டை அப்படியல்ல. 30 நாட்களுக்குள் காரை நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். அந்த நாட்களுக்குள் குறை விற்கும்போதே இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள் என்பதால், மெக்கானிக்கிடம் படங்களுடன் எழுத்து அறிக்கை வாங்கி, "நிராகரிக்கிறேன்" என்ற சொல்லைத் தெளிவாகக் குறிப்பிட்டு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்குள் வெல்டிங் எதுவும் செய்யாதீர்கள், சான்று அழிந்துவிடும். காரின் விலை 30,000 பவுண்டுக்கு மேற்படாமல், அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேரடியாக வணிகருக்குச் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் அந்த கார்டு நிறுவனத்திடமும் உரிமை கோரலாம். தனியாரிடம் வாங்கியிருந்தால் இந்த 30 நாள் உரிமை இல்லை; அவர் விளம்பரத்தில் எழுதியதும் வாய்மொழியாகச் சொன்னதும் பொய்யா என்பதே அப்போது கேள்வியாகும்.