எல்லாம் ஒன்று என்றால் வருணம் எதற்கு? வாசகர் கேள்வி-பதில்

‘எல்லாம் பிரம்மம்’ என்ற சங்கரர் வருணப் பிரிவை எப்படி ஒப்புக்கொண்டார்?

உண்மையை இரண்டு நிலையாக வைத்தார். பாரமார்த்திகத்தில், அதாவது இறுதி உண்மை நிலையில், பிரம்மம் ஒன்றே. வியாவகாரிகத்தில், அதாவது அன்றாட உலகில், வருணமும், ஆசிரமம் என்னும் வாழ்க்கை நிலைகளும், விதியும் விலக்கும் அப்படியே நிற்கும். பிரம்ம சூத்திரம் 1.3.34 முதல் 38 வரை அவருடைய உரையைப் படியுங்கள். சூத்திரருக்கு வேதம் ஓத அதிகாரம் இல்லை என்கிறார். மகாபாரதத்தில் சூத்திரத் தாய்க்குப் பிறந்த விதுரர் ஞானியாயிற்றே என்றால், அது முற்பிறவிப் பயிற்சியின் பலன் என்கிறார். இதிகாச புராணங்களை மட்டும் நான்கு வருணத்தாருக்கும் திறந்துவிடுகிறார். சங்கரரின் ஒருமைக் கொள்கையான அத்வைதத்தை மறுத்த இராமானுஜரும் இங்கே இதே முடிவுக்குத்தான் வந்தார். ஆகவே கோளாறு ஒருமைக் கொள்கையில் இல்லை, அதை யார் கற்கலாம் என்ற அதிகார விதியில் இருக்கிறது. நம்மாழ்வார் அந்த வேலியைத் தாண்டிவிட்டார்: நான்கு சாதிக்கும் கீழான சண்டாளரே ஆனாலும், திருமாலுக்கு ஆட்பட்டவர் என்றால் அவருடைய அடியாரின் அடியாரும் தமக்குத் தலைவர் என்று பாடுகிறார் (திருவாய்மொழி 3.7.9).

கீதை 4.13 குணத்தையும் செயலையும்தானே சொல்கிறது, பிறப்பை இல்லையே?

அந்தச் சுலோகத்தில் பிறப்பு இல்லை, சரி. அதோடு நிறுத்தக் கூடாது. 18.41 ‘இயல்பில் தோன்றிய குணங்கள்’ என்கிறது. அந்த இயல்புக்கு முற்பிறவி வாசனை, அதாவது முற்பிறவிச் செயல்கள் விட்டுச்சென்ற பதிவு, என்றும் சங்கரர் பொருள் தருகிறார். வாசலில் அனுப்பிய பிறப்பு கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது.

ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறப்பது முன்வினையா?

சாந்தோக்கிய உபநிடதம் 5.10.7 அப்படித்தான் சொல்கிறது. மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் வினைக் கணக்கை முழுதாகப் போட வேண்டும். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிப்பது பிராரத்தம், இப்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம். ஒருவர் பிறந்த குலத்தை அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அவருக்குக் குடிநீர் மறுப்பவர் செய்வது தம்முடைய ஆகாமியம். பிறர் வினையைத் தம் கொடுமைக்குச் சாக்காகக் காட்ட இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

முத்தியில் ஆன்மா கரைந்துவிடுமா?

அத்வைதப்படி தனி ஆன்மா என்பதே அவித்தையின், அதாவது அறியாமையின், தோற்றம். சைவ சித்தாந்தத்தில் ஆன்மா அழிவதில்லை, அதைக் கட்டியிருக்கும் அழுக்கான மலத்தின் வலிமைதான் அடங்குகிறது. இதற்குத் ‘தாடலை’ என்ற சொல்லைக் காட்டுவார்கள். இறைவனின் தாளும் ஆன்மாவின் தலையும் புணர்ந்து ஒரே சொல்லாகின்றன. பொருள் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன.