யஷ்விகாவா, அலமேலுவா? பதிவேட்டில் ஏறும் முன்பே ஸ்பெல்லிங்கை முடிவு செய்யுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு நாலு மாதம் ஆகிறது. ராயபுரத்தில் பிரசவம் ஆனது. பிறப்புச் சான்றிதழ் பெயர் இல்லாமல் வந்திருக்கிறது. எங்களுக்கு யஷ்விகா என்று வைக்க ஆசை. மாமியார் தன் அம்மாவின் பெயரான அலமேலுவைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். பெயர் எண் பார்ப்பவரோ, யஷ்விகா சரி, ஆனால் இங்கிலீஷில் 'வி'க்குப் பிறகு ஒரு ஹெச்சும் கடைசியில் இன்னொரு ஏ-யும் சேர்த்தால்தான் ராசி என்கிறார். கணவர், "இப்போதைக்கு ஏதாவது ஒன்றைப் பதிந்துவிடுவோம், பிறகு மாற்றிக்கலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு. பதிந்துவிட்டுப் பிறகு மாற்றுவது நடக்காது. தமிழ்நாட்டில் குழந்தையின் பெயர் பிறப்புப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிவிட்டால் வேறு பெயராக மாற்றித் தரமாட்டார்கள். கெஜட்டில் பெயர் மாற்றம் வெளியிடலாமே என்பார்கள். வெளியிடலாம். ஆனால் பதிவேட்டில் பழைய பெயர் அப்படியே நிற்கும். போகிற இடத்திலெல்லாம் சான்றிதழோடு கெஜட் நகலையும் உங்கள் மகள் காலம் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

அவசரமும் இல்லை. பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமே இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதைத் தாண்டினாலும் 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம், அவ்வளவுதான். உங்களுக்கு இன்னும் ஏழெட்டு மாதம் கையில் இருக்கிறது. ஆனால் 15 வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் இருக்கும் எழுத்துதான் மற்ற எல்லாவற்றிலும் ஏறும்.

இனி பெயருக்கு வருவோம். புதுப் பெயர் ஆபத்து, பழைய பெயர் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். தனலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் முதலில் டி மட்டுமா, டி ஹெச்சா? நடுவில் கே எஸ் ஹெச்சா, எக்ஸா, டி சி ஹெச்சா? பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பேங்கில் ஒன்று என்று அல்லாடுகிறவர்களில் பாதிப்பேர் இந்த மாதிரிப் பழைய பெயர்க்காரர்கள்தான். அலமேலுவில் அந்தத் தொல்லை குறைவு. யஷ்விகாவும் நேராக எழுதினால் எட்டே எழுத்து: ஒய் ஏ எஸ் ஹெச் வி ஐ கே ஏ. காதால் கேட்டவர் அப்படியே எழுதிவிடுவார். தமிழில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். யஸ்விகா, யாஷ்விகா, யஷ்வீகா என்று அவரவர் காதில் விழுந்தபடி எழுதுவார்கள். மாமியாரும் ரேஷன் கடைக்காரரும் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எழுதச் சொன்னால் எப்படி எழுதுகிறார்கள் என்று இப்போதே பாருங்கள். நாலு பேரில் மூன்று பேர் தப்பாக எழுதினால் அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

வகுப்பில் இன்னும் இரண்டு யஷ்விகா இருப்பார்களே என்ற கவலை வேண்டாம், இனிஷியல் எதற்கு இருக்கிறது? இணையப் பட்டியல்களில் போட்டிருக்கும் அர்த்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பாதி இட்டுக்கட்டியது.

பெயர் எண் பார்ப்பவர் விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். அவர் கூட்டிக்கழிப்பது இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தரும் எண்களை. சேர்க்கச் சொல்லும் ஹெச்சும் ஏ-யும் உச்சரிப்பில் வராது. உச்சரிப்பில் வராத எழுத்தை ஆதார் மையத்தில் இருப்பவரோ, பள்ளியில் எமிஸ் என்ற மாணவர் விவரத் தளத்தில் ஏற்றும் ஆசிரியரோ டைப் பண்ணும்போது விட்டுவிடுவார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு ஏ குறைந்தால், அன்றைக்கு ஓடப்போவது நீங்கள், பெயர் எண் பார்த்தவர் அல்ல. ஆதாரிலும் பெயர்த் திருத்தம் ஆயுளுக்கு இரண்டு முறைதான். நம்பிக்கை இருந்தால் அந்தக் கூடுதல் எழுத்துகளைக் கையெழுத்திலோ, பூஜை அறை நோட்டிலோ போட்டுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் வேண்டாம். நட்சத்திர எழுத்து வேறு விஷயம். முதல் எழுத்தை மட்டும்தான் அது கேட்கும், அதற்கேற்ற பெயரைத் தேடிக்கொள்ளலாம்.

அடுத்து, மண்டல அலுவலக வாசலிலும் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரிலும் நிற்கும் ஆட்கள். 200 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள். சென்னை மாநகராட்சி பிறப்புச் சான்றிதழை அதன் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்பதைச் சொல்லவே மாட்டார்கள். இன்னும் மோசமான ஆள் ஒருவர் இருப்பார். "பழைய பெயர் வேண்டாமா? வேற ஊர்ல வீட்டுப் பிரசவம்னு புதுசா ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்பார். ஒரு குழந்தைக்கு இரண்டு பிறப்புப் பதிவு என்பது பொய்த் தகவல் கொடுத்த குற்றம். மாட்டுவது பெற்றோர்தான்.

மாற்ற முடியாது என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். எழுத்துப் பிழை வேறு, பெயர் மாற்றம் வேறு. நீங்கள் படிவத்தில் யஷ்விகா என்று எழுதிக் கொடுத்து, டைப் செய்தவர் யஸ்விகா என்று ஏற்றியிருந்தால் அது பிழை. 1969-ம் வருடப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவில் பதிவாளரே திருத்தலாம். நீங்களே யஸ்விகா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஷ வேண்டும் என்றால் அது பிழை ஆகாது. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கொடுத்த படிவத்தின் நகல் கையில் இருக்காது. யார் தப்பு என்று நிரூபிக்க வழியிருக்காது. அதனால் படிவத்தைத் தமிழிலும், இங்கிலீஷில் பெரிய எழுத்திலும் பிரித்துப் பிரித்து எழுதுங்கள். கொடுக்கும் முன் போனில் படம் எடுங்கள். ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். டைப் செய்ததைப் பெற்றோருக்கு ஒரு நிமிடம் திரையில் காட்டிவிட்டுச் சேமித்தால் இந்தத் திருத்த மனுக்களில் பெரும்பாலானவை வரவே வராது. ஏன் அதைக் கட்டாயமாக்கவில்லை என்று புரியவில்லை. காட்டச் சொல்லி நீங்களே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

உங்களுக்குப் பிரசவம் ராயபுரத்தில் ஆனதால் பதிவு மாநகராட்சியிடம் இருக்கிறது. பொன்னேரியில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்கள் அங்குள்ள பதிவாளரிடம்தான் போக வேண்டும். குடியிருக்கும் இடம் கணக்கில்லை.

பெயர்க் கட்டத்தில் இனிஷியல் போடாதீர்கள். அப்பா பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுதச் சொல்வார்கள். சான்றிதழில் ஒற்றை எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே கேள்வி வரும்.

இரண்டு பெயரையும் சேர்த்து யஷ்விகா அலமேலு என்று வைக்கலாமா என்றால், வேண்டாம். நடுவில் இடைவெளி விட்டு ஒருவர், விடாமல் ஒருவர், இரண்டாவதை அப்பா பெயர் என்று நினைத்து ஒருவர் என்று ஆளுக்கு ஒருவிதமாக ஏற்றுவார்கள். ஒன்றைப் பதியுங்கள், மற்றதால் வீட்டில் கூப்பிடுங்கள். என்னைக் கேட்டால், கூடுதல் எழுத்தில்லாத அந்த எட்டெழுத்து யஷ்விகாவைப் பதியலாம். மாமியார் ஆசைப்படி பேத்தியை அலமேலு என்றே கூப்பிடட்டும், அதற்கு எந்த அலுவலகத்திலும் மனு போட வேண்டாம்.

பதிந்ததும் சான்றிதழை உடனே இறக்கி, தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உங்கள் பெயரும் கணவர் பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நீல ஆதாருக்கு, அதாவது சின்னக் குழந்தைகளுக்குத் தரும் ஆதாருக்குப் போங்கள். பிழை இருந்தால் அதைத் திருத்திய பிறகுதான் ஆதார்.