ஆயாவுக்கு எழுத்துச் சொல்லித் தரலாமா? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் பெரியவர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எழுத்தறிவு, பள்ளிக் கட்டணம், மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு), முதியோர் வகுப்பு பற்றிக் கேளுங்கள். எனக்குத் தெரியாததை யாரிடம் கேட்கலாம் என்றாவது சொல்கிறேன்.

பீனிக்ஸிலிருந்து ஒரு பேத்தி: டீச்சர், எங்கள் ஆயாவுக்கு 74 வயது. இன்னமும் கைநாட்டுதான். வீட்டில் பேசுவது இங்கிலீஷ், நடுவில் கொஞ்சம் தமிழ். இனிமேல் படிப்பு வருமா? எங்கே ஆரம்பிப்பது?

வரும்மா. முதலில் கண்ணைப் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்குப் படிப்பு ஏறாது" என்று வகுப்பை விட்டு நின்ற பல பெண்களுக்குத் தேவைப்பட்டது ஒரு மூக்குக்கண்ணாடிதான்.

அப்புறம், குழந்தைகளின் ஏபிசி புத்தகத்தை அவர் முன்னால் வைக்காதீர்கள். கிளினிக் அட்டையை எடுத்து வையுங்கள். அதில் அவர் பெயர் இருக்கிறது, அடுத்து வரவேண்டிய தேதி இருக்கிறது. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, முதல் எழுத்து வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். மாவுப் பாக்கெட், மாத்திரை டப்பா, பஸ்ஸின் முன்பலகை, எல்லாமே பாடப்புத்தகம்தான். என் வகுப்பில் ஓர் அம்மா அரிசிப் பாக்கெட்டை நிறம் பார்த்துத்தான் வாங்குவார். கம்பெனிக்காரர்கள் உறையை மாற்றியபோது வேறு எதையோ தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் பேச்சு வாங்கினார். அந்தப் பெயரின் நான்கு எழுத்தைப் படித்த அன்றைக்கு அவர் வகுப்பை விட்டுக் கிளம்பவே இல்லை.

பென்சில் பிடிக்கும்போது முதலில் தாள் கிழியும், அந்த அளவுக்கு அழுத்துவார்கள். விஜயதசமிக்குப் பிள்ளைகளை அரிசியில் எழுத வைப்போமே, அதே தட்டை எடுங்கள். கோலம் போட்டுப் பழகிய விரல் சீக்கிரம் வளைந்து கொடுக்கும். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறோம் என்று தோன்றினால் மறுநாள் உட்கார மாட்டார்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஆறு மணிக்கு வகுப்பு என்றால், ஆறு மணிக்கு ரொட்டி சுடுவது யார்? வகுப்புக்கு வராமல் நின்றுபோன பெண்களிடம் காரணம் கேட்டால் அடுப்பு, பேரப்பிள்ளை, படுக்கையில் கிடக்கும் கணவர், இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளாமல் எந்தப் பெண்ணுக்கும் படிப்பு வராது.

சாட்ஸ்வர்த்திலிருந்து: எங்கள் தாத்தா லெட்டர் எழுதுவார், பேப்பர் படிப்பார். பாட்டிக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஏன் இப்படி?

1860 முதல் 1911 வரை நம்மவர்கள் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தது கரும்புத் தோட்டத்துக்கு. பள்ளிக்கூடம் வேண்டும் என்றால் நம் மக்களே பணம் திரட்டிக் கட்டிடம் எழுப்பி, அரசிடம் உதவித்தொகை வாங்கவேண்டியிருந்தது. இடம் போதாமல் ஒரே கட்டிடத்தில் காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி என்று முறை வைத்து நடத்தினார்கள். இடம் கிடைத்தால் அது பையனுக்கு. 1929-இல் திறந்த, சாஸ்திரி கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளிகூட ஆண் பிள்ளைகளுக்காக வந்ததுதான். பெண்பிள்ளை தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டாள், பெரிய மனுஷி ஆனதும் வீட்டோடு நின்றாள். இந்தியப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி என்பதே 1970-களில்தான் வந்தது. உங்கள் பாட்டி மக்கு இல்லை. அவருக்கு யாரும் பெஞ்சில் இடம் கொடுக்கவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து: இரண்டு மாதத்தில் மெட்ரிக் சர்ட்டிபிகேட் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் தங்கச்சிக்குக் கட்டலாமா?

கட்டாதீர்கள். இரண்டு மாதத்தில் யாராலும் மெட்ரிக் தர முடியாது. பள்ளிச் சான்றிதழுக்கு அங்கீகாரம் தருவது உமாலுசி என்ற அமைப்பு. அங்கே விசாரிக்காமல் யாருக்கும் ஒரு ராண்டுகூடக் கொடுக்கக்கூடாது. 21 வயது ஆனவர்களுக்கு மெட்ரிக் நிலையிலேயே திருத்தப்பட்ட சீனியர் சர்ட்டிபிகேட் தேர்வு இருக்கிறது, மே, ஜூனில் நடக்கும். விட்டுப்போன பாடங்களை மறுபடி எழுத கல்வித்துறையின் செகண்ட் சான்ஸ் திட்டம் இருக்கிறது, அதற்குப் பணம் கிடையாது.

டோங்காட்டிலிருந்து ஒரு அம்மா: கணவர் இல்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியவில்லை. பிள்ளையின் ரிப்போர்ட்டைத் தரமாட்டோம் என்கிறார்கள்.

அது சட்டத்துக்கு விரோதம். பணம் கட்டவில்லை என்பதற்காக அரசுப் பள்ளி பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கவோ ரிப்போர்ட்டை நிறுத்திவைக்கவோ கூடாது. நீங்கள் கட்டண விலக்குக்கு விண்ணப்பம் போடுங்கள். வருடக் கட்டணம் உங்கள் வருட வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு விலக்கு. மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் கேட்டால், அந்த விண்ணப்பத்தை நிரப்பப் பள்ளி முதல்வர் உதவியே ஆகவேண்டும். விதியிலேயே இருக்கிறது. படிவத்தைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிவந்து, தர வேண்டாத பணத்தைக் கடன் வாங்கிக் கட்டிய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் கூடப் போங்கள்.

வெருலத்திலிருந்து: மகள் 11-ஆம் வகுப்பு, கர்ப்பமாக இருக்கிறாள். பள்ளி வேண்டாம் என்கிறது.

பள்ளிக்கு அந்த உரிமை கிடையாது. கர்ப்பத்துக்காக மாணவியை வெளியேற்றக்கூடாது என்று 2021-இல் வந்த தேசியக் கொள்கை தெளிவாகச் சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். மகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டுப் போங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அண்ணன்: பெண்பிள்ளைகள் முன்னாலே போய்விட்டார்கள். இப்போது பின்தங்குவது பையன்கள். இன்னும் எதற்குப் பெண் எழுத்தறிவு?

பையன்கள் பின்தங்குவது உண்மை. 2021-இல் நடந்த பேர்ல்ஸ் (PIRLS) என்ற பன்னாட்டு வாசிப்புச் சோதனையில் இந்த நாட்டின் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் படித்ததன் பொருள் புரியவில்லை. பெண்பிள்ளைகள் பையன்களைவிட மேலே இருந்தார்கள். பத்து வயதுக்காரி ஜெயித்தால் எழுபது வயதுக்காரிக்கு எழுத்து தெரிந்துவிடாது, அண்ணா. வீட்டில் படிக்கத் தெரிந்த அம்மாவோ ஆயாவோ இருந்தால் அதே பையனுக்குத்தான் முதல் லாபம்.

லெனேசியாவிலிருந்து: டீச்சர், ஆயாவுக்கு ஏன் இங்கிலீஷ் எழுத்து? நம் தாய்மொழி தமிழ். அதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டில் தமிழ் பேசும் பெண்ணுக்குத் தமிழ்தான் முதலில். ஓர் எழுத்தைப் பார்த்தால் இப்படித்தான் ஒலிக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பதால் சீக்கிரம் படிக்க வரும்.

*(லெனேசியா: அப்படியானால் எல்லோருக்கும் அதையே செய்யலாமே? அரசியல் சட்டத்திலேயே தமிழ் இருக்கிறது.)*

*(பீனிக்ஸ்: எங்கள் ஆயா கனவு காண்பதே இங்கிலீஷில். மாத்திரை டப்பாவில் தமிழா இருக்கிறது?)*

*(சாட்ஸ்வர்த்: இப்படிப் பேசிப் பேசித்தான் மொழியைத் தொலைத்தோம்.)*

சரி, மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது உண்மை. போற்றி வளர்க்கவேண்டிய மொழிகளில் ஒன்றாகச் சொல்கிறது, ஆட்சி மொழியாக அல்ல. ஒருவர் முதலில் படிக்கவேண்டியது அவருக்குப் புரிகிற மொழியை. புரியாத மொழியில் எழுத்துக் கூட்டினால் அது சத்தம் மட்டும்தான். நம் பள்ளிகளில் நெடுங்காலம் நடந்த தப்பும் அதுவே. பெரும்பாலான ஆப்பிரிக்கப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு வரை ஜுலு, கோசா போன்ற தங்கள் மொழியில் படித்தார்கள். அதில் வாசிப்பு ஊன்றுவதற்குள் நாலாம் வகுப்பில் இங்கிலீஷுக்கு மாற்றிவந்தோம். இங்கிலீஷ் பேசும் தமிழ் ஆயாவைத் தமிழ் எழுத்தில் ஆரம்பிக்க வைத்தால் நாமும் அதே தப்பைச் செய்கிறோம்.

மொழி போய்விடுமே என்ற சாட்ஸ்வர்த் தம்பியின் கவலை எனக்கும் உண்டு. அதைக் காப்பாற்றும் பாரத்தைப் படிக்காத கிழவியின் தலையில் வைக்காதீர்கள். கோயில் தமிழ் வகுப்பில் உங்கள் பிள்ளையைச் சேருங்கள், நீங்களும் போய் உட்காருங்கள். ஆயா முதலில் தன் மாத்திரையைப் படிக்கட்டும். தேவாரம் மனப்பாடமாகத் தெரிந்தவர் என்றால் அந்தப் புத்தகத்தை அப்புறம் கையில் கொடுங்கள், தெரிந்த பாட்டை எழுத்தோடு பொருத்திப் பார்த்துக்கொள்வார்.

கேப்டவுனிலிருந்து: ஆன்லைனில் ஒரே மாதத்தில் மெட்ரிக்...

மேலே சொல்லிவிட்டேன். உமாலுசியில் கேளுங்கள்.

பிரிட்டோரியாவிலிருந்து: மனைவியின் விசாவைப் புதுப்பிக்க என்ன செய்வது?

என் துறை இல்லை. உள்துறை அலுவலகத்தையோ குடியேற்ற வக்கீலையோ பாருங்கள்.

பிரிட்டோரியாவிலிருந்தே: மகளுக்கு இந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்.

இதற்குப் பதில் உண்டு. காகிதம் இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று மகாண்டா உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: மெட்ரிக் சர்ட்டிபிகேட் விலைக்கு...

வேண்டாம். வாங்கியவரும் மாட்டுவார்.

ஸ்டாங்கரிலிருந்து: அம்மா படிக்க ஆசைப்படுகிறார். கா ரி குடே என்ற அரசு எழுத்தறிவு வகுப்பு இன்னும் நடக்கிறதா?

2008-இல் தொடங்கிய அந்த இயக்கம் முடிந்துவிட்டது. இப்போது மாகாணத்துக்கு ஒன்றாகச் சமூகக் கல்விக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் வகுப்புகள் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களில் நடக்கும். உங்கள் பக்கத்துப் பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒன்றாம் நிலையிலிருந்து நாலாம் நிலை வரை உண்டு. எழுத்தே தெரியாதவர் என்றால் ஒன்றாம் நிலை. அம்மாவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் வாசலில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.