அந்தி இருட்டுக்கு 56 மில்லிமீட்டர் தேவையா?

கேள்வி: ஜெர்மனியில் நெடுங்காலமாக வசிக்கிறேன், வயது 58. வேட்டைத் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்கிறேன். இருட்டும் நேரத்தில் பரணில் அமர்ந்து காட்டுப்பன்றி சுடுவதற்கு, துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் 8×56 அளவுக்கு இணையில்லை என்கிறார்கள் உடன் வரும் மூத்தவர்கள். அதையே வாங்கிவிடலாமா?

பதில்: கடைக்குச் செல்லும் முன் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் லென்ஸின் விட்டமான 56 மில்லிமீட்டரை உருப்பெருக்கமான 8ஆல் வகுத்தால் 7 வரும். ஸ்கோப்பிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். ஸ்கோப்பைக் கை நீட்டிய தூரத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், கண் வைக்கும் பக்கத்தில் சிறு நாணயம்போல் அந்த வட்டம் பளிச்சென்று தெரியும். இருளில் இளைஞரின் கண்பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும் என்பதால்தான் 8×56 இவ்வளவு பெயர் பெற்றது. உங்கள் வயதில் அது பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் அளவே விரியும். ஆகவே வரும் ஒளியில் சரிபாதி பாவைக்கு வெளியே விழுந்து வீணாகும், நீங்கள் விலை கொடுத்த 8×56 உங்கள் கண்ணுக்கு 8×40 ஆகவே வேலை செய்யும். மூத்தவர்கள் தங்கள் வாலிபத்தில் வாங்கியதைச் சொல்கிறார்கள் போலும்! தலை சற்று விலகினாலும் காட்சி மறையாது என்பதே அகன்ற கற்றையால் உங்களுக்கு மிஞ்சும் நன்மை.

எனவே உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய, 50 மில்லிமீட்டர் முன் லென்ஸ் கொண்ட 2.5–10×50 போன்ற ஒன்றே உங்களுக்குப் பொருந்தும் என்பேன். 10 மடங்கில் அது 5 மில்லிமீட்டர் கற்றையைத் தருவதால் ஒளி வீணாகாது. உருவமும் பெரிதாகத் தெரியும். குட்டிகளை வளர்க்கும் தாய்ப்பன்றியைச் சுடுவது அங்கே குற்றம் என்பதால், சுடுமுன் அடையாளம் காண்பதற்கு, 8 மடங்கு 10 மடங்காக உயர்வது மிகவும் உதவும்.

எந்த ஸ்கோப்பும் ஒளியைப் பெருக்குவதில்லை. வரும் ஒளியை இழக்காமல் கடத்துவதே அதன் திறமை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். அத்தகைய பரப்புகள் பத்து இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1935இல் ஜெர்மனியின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா காப்புரிமை பெற்ற எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இந்த இழப்பைத்தான் குறைத்தது. ஆகவே பணத்தை லென்ஸின் அகலத்தில் கொட்டாமல் கண்ணாடியின் தரத்தில் செலவிடுங்கள். ஸ்கோப்பின் நடுக்குழாய் 30 மில்லிமீட்டர் விட்டம் என்பதால் வெளிச்சம் கூடும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இருளில் கரும்பன்றியின் மேல், ஸ்கோப்புக்குள் குறிபார்க்க உதவும் கருங்கோடுகள் கரைந்துவிடும் என்பதால் நடுவில் ஒளிரும் சிவப்புப் பொட்டு அவசியம். பகலில் அது எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதைவிட, இரவில் எவ்வளவு மங்கும் என்பதையே பாருங்கள். கூசும் பொட்டு இலக்கையே மறைத்துவிடும். கடையின் விளக்கொளியில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். கடைக்காரரிடம் அனுமதி பெற்று, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து வாசலில் நின்று, எதிரே உள்ள மரத்தடி நிழலில் பட்டையின் வெடிப்புகள் எதில் தெளிவாகத் தெரிகின்றன என்று இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.