‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்றால் நோய் இல்லை என்று பொருளா?

மனநலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. இரண்டு ஆண்டுகளாகக் காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறான். மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் கூறி, மாத்திரை கொடுத்து வருகிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்ததிலிருந்து, “மூளையில் ஒன்றுமில்லை, வேலைக்குப் போகப் பயந்து நடிக்கிறான்” என்று சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார். மூளையின் இணைப்புகளையே காட்டும் புதிய ஸ்கேன் வந்திருப்பதாகப் படித்தேன். கடன் வாங்கியாவது அதை எடுத்து அவரிடம் காட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடன் வாங்க வேண்டாம், சகோதரி. தங்கள் தம்பிக்கு எடுத்த ஸ்கேன், கட்டி, வீக்கம், ரத்தக் கசிவு போன்ற வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக எடுக்கப்பட்டது. அவை இல்லை என்பதுதான் ‘நார்மல்’ என்ற சொல்லின் பொருள். நோயே இல்லை என்பதன்று. சுவரில் விரிசல் இல்லாத வீட்டிலும் ஒயரிங் பழுதாகியிருக்கலாம் அல்லவா? ஒற்றைத் தலைவலிக்காரரின் ஸ்கேனும் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். அதற்காக அவர் நடிக்கிறார் என்று தங்கள் சித்தப்பா சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தாங்கள் படித்த செய்தி பொய்யன்று. தாயின் வளர்ப்பே இந்நோய்க்குக் காரணம் என்று பல குடும்பங்களின் மேல் பழி சுமத்தப்பட்ட ஒரு காலம் இருந்தது. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டனும் அவருடைய குழுவினரும் நீண்டகாலம் இந்நோயுடன் வாழ்ந்தவர்களின் மூளையைச் சி.டி. ஸ்கேன் மூலம் பார்த்து, மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகள் அவர்களுக்குச் சற்றுப் பெரியதாக இருப்பதை 1976-ல் வெளியிட்டபோது, அந்தப் பழி வலுவிழந்தது. 1995-ல் மூளை ஆய்வாளர்களான கார்ல் ஃபிரிஸ்டனும் கிறிஸ் ஃபிரித்தும், கோளாறு மூளையின் ஏதோ ஓர் இடத்தில் இல்லாமல் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதத்தில் இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். பல நாடுகளின் 29 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய எனிக்மா கூட்டமைப்பு, நோயுள்ள 1,963 பேரின் மூளை நரம்பிழைகளை நோயில்லாத 2,359 பேருடையவற்றுடன் ஒப்பிட்டு, நோயாளிகளின் நரம்பிழைத் தடங்களில் சீர்மை பரவலாகக் குறைந்திருப்பதை 2018-ல் காட்டியது. இரு பாதி மூளைகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தில் இது தெளிவாகவே தெரிந்தது.

ஆனால் அந்த வேறுபாட்டின் அளவை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஊர் ஆண்களின் சராசரி உயரம் பக்கத்து ஊர் ஆண்களுடையதைவிட ஓர் அங்குலம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானோரை அளந்தால் அது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். ஆனால் எதிரே நடந்து வருகிற ஒருவரின் உயரத்தை மட்டும் பார்த்து அவர் எந்த ஊர்க்காரர் என்று எவராலும் சொல்ல முடியாது. இணைப்பு ஆய்வுகள் காட்டும் வேறுபாடும் ஏறக்குறைய அந்த அளவினதே. ஆகவே தங்கள் தம்பிக்கு அந்த ஸ்கேனை எடுத்தால், அதுவும் ‘நார்மல்’ என்றே வரக்கூடும். அப்போது சித்தப்பாவின் கையில் இரண்டாவது காகிதமும் சேர்ந்துவிடும். இந்நோயை மருத்துவர் உறுதிசெய்வது, நோயாளி சொல்வதைக் கேட்டும், வீட்டார் கண்டவற்றை விசாரித்தும், மாதக்கணக்கில் கவனித்துமே. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சித்தப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் அரை மணி நேரம் பேசினால், எந்தப் படத்தையும்விட அது பயன் தரும் என்பது என் அனுபவம்.

கேள்வி: மூளைப் பகுதிகளுக்கு இடையேயான ‘இணைப்பை’ எவ்வாறு அளக்கிறார்கள்? காதில் குரல் கேட்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இரண்டு வழிகள் உண்டு. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. என்பது மூளைக்குள் நீர் மூலக்கூறுகள் நகரும் திசையை அளக்கிறது. நரம்பிழைக் கற்றைகள் ஒழுங்காக இருக்கும் இடத்தில் நீர் அவற்றின் நீளவாக்கில் எளிதாக ஓடுகிறது. ஒழுங்கு குலைந்த இடத்தில் பல பக்கமும் பரவுகிறது. நான் முதல் பதிலில் சொன்ன சீர்மை இதுதான்.

மற்றது எஃப்.எம்.ஆர்.ஐ. நோயாளி குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுத்து, கண்முன் தெரியும் ஒரு கூட்டல் குறியைப் பார்த்தபடி, தூங்காமல், எதையும் குறிப்பாக நினைக்காமல் சில நிமிடங்கள் இருக்க வேண்டும். காதை அடைத்திருந்தாலும் இயந்திரம் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நிமிடங்களில் மூளையின் ஒவ்வொரு பகுதியிலும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறி இறங்குகிறது. எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்தாற்போல் ஏறி இறங்குகின்றனவோ, அவை தொடர்பில் இருப்பதாகக் கொள்கிறார்கள். கையை அசைக்காமல் சும்மா இருக்கும்போதும், இரு கைகளையும் இயக்கும் இடப்பக்க, வலப்பக்க மூளைப் பகுதிகள் ஒத்திசைந்தே ஏறி இறங்குவதை 1995-ல் பரத் பிஸ்வாலும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டனர். இத்துறையே அதிலிருந்து வளர்ந்தது.

இம்முறையில் மனச்சிதைவு நோயாளிகளிடம் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒன்று, புலன் செய்திகளை வாங்கி அனுப்பும் தலாமஸ் என்ற நடுப்பகுதி, சிந்தனைக்கும் திட்டமிடலுக்கும் உரிய முன்மூளையுடன் குறைவாகவும், புலன்-இயக்கப் பகுதிகளுடன் அதிகமாகவும் ஒத்திசைவது. எனவே இணைப்பு எங்கும் ‘அறுந்துவிட்டது’ என்று எழுதுவது தவறு. ஓரிடத்தில் தளர்ந்தும் வேறோரிடத்தில் இறுகியும் இருக்கிறது. இன்னோர் எச்சரிக்கையும் தேவை. படுத்திருப்பவரின் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே இந்தக் கணக்கு மாறிவிடும். பதற்றத்தில் இருக்கும் நோயாளி பிறரைவிடச் சற்று அதிகமாகவே அசைவார். இது 2012-ல் தெளிவாக உணரப்பட்ட பிறகு, முந்தைய பல முடிவுகளை மீண்டும் சோதிக்க வேண்டியதாயிற்று.

இனி, குரல். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு வருவதில்லை. கையை அசைக்கச் சொல்லும் மூளை, ‘இது நம் கைதான்’ என்று தொடுவுணர்வுப் பகுதிக்கும் முன்கூட்டியே தகவல் தந்துவிடுகிறது. குரல் கேட்கும் நோயாளிகளிடம் இந்த வேறுபாடு குறைந்திருப்பதை, அதாவது தம் கை தொட்டாலும் பிறர் கை தொட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவு கூசுவதை, சாரா ஜேன் பிளேக்மோரும் ஃபிரித்தும் பிறரும் 2000-ல் பதிவு செய்தனர். மனத்துக்குள் நாம் பேசிக்கொள்ளும்போதும் பேச்சுப் பகுதியிலிருந்து கேட்புப் பகுதிக்கு அத்தகைய முன்தகவல் போகிறது. அது சரியாகச் சேராவிட்டால், தன் எண்ணமே அயலான் குரலாக ஒலிக்கும் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கங்களில் ஒன்று. தன்னைத் திட்டும் குரல் ‘உண்மையாகவே கேட்கிறது’ என்று நோயாளி சொல்வதை நாம் நம்ப வேண்டும். அவருடைய கேட்புப் பகுதி அப்போது உண்மையிலேயே இயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானில் ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படும் பழைய பெயரை 2002-ல் கைவிட்டு, ஒருங்கிணைப்புக் கோளாறு என்று மாற்றினர். அதற்குச் சுமார் பத்தாண்டு கழித்துத் தென் கொரியாவில் ஏற்ற பெயர், இசைக்கருவியின் தந்தியைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. யாழின் தந்தியையும் உடலின் நரம்பையும் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லால் அழைக்கும் நமக்கு அந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். ‘சிதைவு’ என்ற சொல்லை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு நா கூசுகிறது.

கேள்வி: என் தாயாருக்கு இந்நோய் உண்டு. எனக்கு 21 வயது. எனக்கும் வருமா என்று ஸ்கேன் எடுத்து முன்கூட்டியே அறிய முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் பத்து. பொதுமக்களிடையே அது நூற்றுக்குச் சுமார் ஒன்று. அதாவது, தங்களுக்கு வராதிருக்கவே வாய்ப்பு மிக அதிகம். தங்கள் கையில் இருப்பது கஞ்சாவைத் தொடாதிருப்பது. ஸ்வீடன் நாட்டில் 45,000-க்கும் மேற்பட்ட படைப்பயிற்சி இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 1987-ல் வெளிவந்த ஆய்வில், அதை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் பல மடங்கு காணப்பட்டது. வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, பிறர் தங்களைப் பற்றியே பேசுவதாகத் தோன்றுவது போன்ற மாற்றங்கள் தெரிந்தால், தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ, அவ்வளவுக்குப் பலனும் கூடும். 14416 என்ற இலவச எண்ணில், அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் ஆலோசகர்களிடம் தமிழிலேயே பேசலாம். தாயாரைக் கவனித்துக்கொள்வதில் தங்களுக்கு உண்டாகும் களைப்பைப் பற்றியும் அவர்களிடம் சொல்லலாம்.